பெயர் அழியாதிருக்க



இயங்கு வலைப்பக்கம் அமைக்கப் புகும் நம் இளைஞர்கள் அடிக்கடி இடறும் ஓரிடத்தைப் பற்றிப் பேச விழைகிறேன். உதவித்தொகை வேண்டி ஒரு மாணவி தன் பெயரைத் தமிழில் எழுதி அனுப்புகிறாள் எனக் கொள்வோம். பின்னர்ப் பார்த்தால், பெயர் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்!

இஃது ஏன்? 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழின் 'க'வுக்கு மூன்றும், 'கு'வுக்கு ஆறும் வேண்டும். வலைப்பக்கம், தரவுத்தளம், இரண்டையும் இணைக்கும் தொடர்பு ஆகிய மூன்றும் இம்முறையை ஏற்றிருத்தல் வேண்டும். ஒன்று தவறினும் எழுத்துச் சிதையும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளமோ, 2018இல் வெளிவந்த 8.0 பதிப்புக்கு முன்னர், நாம் மாற்றினாலன்றி, மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய லத்தீன்-1 முறையையே கொண்டிருந்தது.

எனவே மூன்றையும் வரிசையாகச் சோதியுங்கள். பதிவில் எழுத்துச் சரியாக இருந்து திரையில் மட்டும் சிதைந்தால், பக்கத்தின் அறிவிப்பையோ தொடர்பையோ திருத்தினால் போதும். பதிவிலேயே கேள்விக்குறி விழுந்துவிட்டால் எழுத்து மீளாது. அம்மாணவியையே மீண்டும் கேட்க வேண்டும். அதற்குள் விண்ணப்ப நாள் கடந்துவிட்டால் இழப்பு யாருக்கு?

நம் பாட்டன்மார் பெயரைப் பதிவேட்டில் பிறர் எழுதினர். எழுதியதைப் படித்துப் பார்க்கவும் பலருக்கு வாய்ப்பில்லை. இன்று பதிவேட்டையே அமைக்கும் கைகள் நம்முடையவை. ஆதலின், தளத்தைத் திறக்குமுன் உங்கள் தாயின் பெயரைத் தமிழில் இட்டுச் சேமித்து, மீண்டும் எடுத்துப் பாருங்கள். அது பிழையின்றி வந்தால், ஊரார் பெயரும் பிழையின்றி நிற்கும்.