‘தி டச்சஸ்’: எல்லாம் இருந்தும் எதுவும் அவள் பெயரில் இல்லை

(நமது குடியிருப்பின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



2008-இல் வந்த ‘தி டச்சஸ்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். கெய்ரா நைட்லி, ரால்ஃப் ஃபைன்ஸ் நடித்தது. சிறந்த ஆடை வடிவமைப்புக்கு ஆஸ்கர் விருது பெற்றது. மாளிகை, பட்டு உடை, கோபுரம் மாதிரி தலை அலங்காரம் என்று கண்ணுக்கு விருந்துதான். ஆனால் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். மனம் கனக்கும் காட்சிகள் இருக்கின்றன.

இது உண்மைக் கதை. ஜார்ஜியானா ஸ்பென்சர் 1757-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இளவரசி டயானா பிறந்ததும் இதே ஸ்பென்சர் குடும்பத்தில்தான். 1774-இல், பதினேழு வயதில், டெவன்ஷயர் பிரபுவுக்கு மணமுடிக்கிறார்கள். நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் அவர்.

படத்தின் தொடக்கத்தைக் கவனியுங்கள். பெண் தோட்டத்தில் தோழிகளோடு விளையாடிக் கொண்டிருக்கிறாள். உள்ளே அவளுடைய தாயும் பிரபுவும் பேசி முடிக்கிறார்கள். அவருக்கு வேண்டியது ஆண் வாரிசு. என் போன்ற பி.காம். படித்தவனுக்கு இதைப் பார்த்ததும் ஒப்பந்தச் சட்டம்தான் நினைவுக்கு வந்தது. இரு தரப்பும் இருக்கிறது, நிபந்தனையும் இருக்கிறது. சம்பந்தப்பட்டவளின் சம்மதத்தைத்தான் யாரும் கேட்கவில்லை!

முதலில் பிறந்தவை இரண்டும் பெண் குழந்தைகள். வாரிசு வந்தது 1790-இல்தான். இதற்கிடையே ஜார்ஜியானாவின் தோழி எலிசபெத் ஃபாஸ்டர் அந்த வீட்டுக்கு வந்து, பிரபுவின் துணைவியாகவே தங்கிவிடுகிறார். மூவரும் ஒரே கூரையின் கீழ். சார்ல்ஸ் கிரே என்ற இளம் அரசியல்வாதியிடம் ஜார்ஜியானாவின் மனம் சென்றபோது மட்டும் கணக்கு வேறு: ‘அவனை விடு, இல்லையேல் பிள்ளைகளை மறந்துவிடு.’

ஒரே தவறுக்கு இரண்டு தீர்ப்பா என்று கேட்பீர்கள். அன்றைய சட்டமே அப்படித்தான். பிள்ளைகள் மீது உரிமை தந்தைக்கு மட்டும். தாய் நீதிமன்றத்தில் முறையிட ஓரளவு வழி பிறந்ததே 1839-இல்தான். 1792-இல் பிறந்த கிரேயின் பெண் குழந்தையை, அவருடைய பெற்றோரிடம் வளர்க்கக் கொடுத்துவிட்டுத் தன் மற்ற பிள்ளைகளுக்காக ஜார்ஜியானா வீடு திரும்பினார். அந்தக் காட்சியில் வசனம் அதிகமில்லை, தேவையும் இல்லை. அந்த கிரே பின்னாளில் பிரதமரானார். நாம் குடிக்கும் ‘ஏர்ல் கிரே’ தேநீரில் இருப்பது அவர் பெயர்தான்.

படம் அதிகம் தொடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வங்கிக்காரன் கண்ணில் அதுதான் முதலில் படுகிறது. ஜார்ஜியானாவுக்குச் சீட்டாட்டத்தில் பெருங்கடன். தாமஸ் கௌட்ஸ் என்ற பிரபல வங்கியாளரிடமும் வாங்கினார். மொத்தத் தொகையைக் கணவரிடம் கடைசி வரை சொல்லவில்லை. 1806-இல், 48 வயதில் இறந்தார். 1809-இல் பிரபு எலிசபெத்தை மணந்துகொண்டார்.

அவரை அப்பாவி என்று மட்டும் காட்டியிருப்பது படத்தின் குறை. 1784 தேர்தலில் வீதி வீதியாகச் சென்று வாக்குக் கேட்ட துணிச்சல்காரர் அவர். அவருக்கே வாக்குரிமை இல்லாத காலம் அது! அத்தனை கெட்டிக்காரரும் வீட்டுக் கடனை மறைத்து மறைத்தே வாழ்ந்தார். கணவன் மனைவிக்குள் பணப்பேச்சு இல்லாத வீடு, மாளிகையானாலும் நிம்மதியில்லாத வீடுதான்.

அன்றைய இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, மணமானதும் மனைவியின் பணமும் நகையும் கணவனுடையதாகிவிடும். அங்கே இது முழுமையாக மாற 1882 ஆயிற்று. நம் நாட்டில் 1874-இல் திருமணமான பெண்களின் சொத்துச் சட்டம் வந்தது. ஜார்ஜியானாவின் திருமணத்துக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து! அதன் ஆறாவது பிரிவு இன்றும் பயன்படுகிறது. ஆயுள் காப்பீடு எடுக்கும்போதே மனைவி, மக்கள் பெயரில் இந்தப் பிரிவின்படி எழுதிக் கொடுத்தால், கணவனின் கடன்காரர்கள் அந்தத் தொகையில் கைவைக்க முடியாது. பிள்ளைகள் புதிதாகப் பாலிசி எடுத்தால் சொல்லிக் கொடுங்கள்.

கவுன்டரில் உட்கார்ந்த ஆண்டுகளில், கணவர் போனபிறகு ஒரு பை நிறையக் காகிதத்தோடு வந்து, ‘இதில் எது என்னுடையது சார்?’ என்று கேட்ட பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டம் மாறிவிட்டது, நம் வீட்டுப் பழக்கம் மாறவேண்டாமா?

ஆகவே, படத்தை இருவரும் சேர்ந்தே பாருங்கள். முடிந்ததும் அலமாரியைத் திறந்து பாஸ்புக், டெபாசிட் ரசீது, கடன் பத்திரம் எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள். கணக்கு ‘எய்தர் ஆர் சர்வைவர்’ முறையில் இருக்கிறதா, நாமினி யார் என்று பாருங்கள். வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான்; உரிமை வாரிசுகளுக்கே. எனவே உயிலும் எழுதி வையுங்கள். விவரம் புரியாவிட்டால் மாலையில் பூங்கா பெஞ்சுக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.