கொழுந்துக் கூடை சுமப்பதும் உடற்பயிற்சிதானா?

(சாகாமத்தில் பெண் தொழிலாளர்களுக்கு எமது மகளிர் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலைநாட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்து சம்பளத்தைப் பேசாமல் மாதவிடாயைப் பேசுகிறார்களே என்று சிலர் நினைக்கலாம். சம்பளமும் இதில் இருக்கிறது, பிறகு சொல்கிறோம்.

மூன்று மாதம், நான்கு மாதம் மாதவிடாய் வராது. முகத்தில் முடி வளரும், பரு போகாது, சிலருக்கு உடம்பு கனக்கும். கலியாணம் முடித்த பிள்ளையென்றால் ஒரு வருடத்துக்குள் 'மலடி' என்ற சொல் வீட்டுக்குள் வந்துவிடும். இதைத்தான் பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள். கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வில் 6.3 வீதமானோருக்கு இது இருந்தது. சூலகத்தில் கட்டி என்றதும் புற்றுநோய் என்று பயப்படாதீர்கள். முழுதாக வளராமல் நின்றுபோன சிறிய முட்டைப் பைகள் அவை. இந்த வருத்தம் இருந்தும் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம்.

பலருக்கு இதில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் உடம்பு இன்னும் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் சூலகத்தைத் தூண்டி ஆண் ஹோர்மோனைக் கூட்டிவிடுகிறது. பிற்காலத்தில் சீனி வருத்தம் வருவதற்கும் இதுவே வழி. அசைந்து வேலை செய்யும் தசையோ இரத்தத்திலுள்ள சீனியைத் தானே இழுத்துக்கொள்ளும். உடற்பயிற்சி செய்யச் சொல்வது அதனால்தான். நிறை குறையாவிட்டாலும் பலன் உண்டு. எங்களுக்குக் கொழுந்து நிறுக்கும் தராசோடு படும் பாடே போதும்; இன்னொரு தராசைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

"நாள் முழுக்க மலை ஏறுகிறோம், இன்னும் என்ன உடற்பயிற்சி?" என்று தோட்டத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் தொழிலில் நடப்பதையும் வீட்டு வேலையையும் உடலசைவாகவே கணக்கெடுக்கிறது. கொழுந்து பறிப்பவரும், இங்கே வயலில் களை பிடுங்குபவரும் ஏற்கனவே நிறையச் செய்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நல்ல சாப்பாடும் ஓய்வும். எங்கள் கவலை அவர்களின் மகள்மாரைப் பற்றியது. ஆடைத் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நாள் முழுக்க இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டால் டியூஷனில் இருக்கிறார்கள்.

வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணித்தியால வேக நடை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. இரண்டு நாள் தசைக்கு வேலை: கதிரையில் கையூன்றாமல் இருந்து எழும்புவது, சுவரைத் தள்ளுவது, தண்ணீர்ப் போத்தலைத் தூக்குவது. குமர்ப்பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம். வலைப்பந்து, எல்லே, கயிறடித்தல் எதுவும் சரி. இந்தப் பயிற்சிதான் உயர்ந்தது என்று ஒன்று இல்லை. தொடர்ந்து செய்யக்கூடியதே நல்லது. தனியாகப் போனால் கதை கட்டுவார்கள். நாலு பேராகக் குளக்கட்டில் நடங்கள். யானை வருகிற நேரத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சி இந்த வருத்தத்தை அடியோடு மாற்றிவிடாது. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி வைத்தியரிடம் போங்கள். கருப்பையின் உள்தோல் தடித்துக்கொண்டே போவது ஆபத்து. இரத்தத்தில் சீனியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் வயதுக்கு வந்து எட்டு வருடமாகாத பிள்ளைக்கு பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்று அறிய ஸ்கான் தேவையில்லை என்று அதே வழிகாட்டல் சொல்கிறது. அந்த வயதில் கட்டி போலத் தெரிவது சாதாரணம். கடன் வாங்கித் தனியார் ஸ்கானுக்கு ஓடாதீர்கள்.

இனிச் சம்பளம். கிளினிக் போகிற நாளில் பேர் விழாது. அரை நாள் போனாலும் அரைப் பேர்தான். அதனால் எங்கள் பெண்கள் போவதேயில்லை. சீனி வருத்தம் முற்றிய பிறகுதான் வாட்டுக்கு வருகிறார்கள். கிளினிக் நாளுக்கு முழுப் பேர், வேலைத்தளத்தில் கழிவறை, கிழமைக்கு இரண்டு பின்னேரம் மைதானம் பெண் பிள்ளைகளுக்கு. இந்த மூன்றையும் கடிதமாக எழுதியிருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது, வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வையுங்கள்.