ஆபுத்திரனின் பாத்திரம்



மணிமேகலையை வகுப்பில் படித்தபோது அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியே நம் மனத்தில் நின்றது. இன்று நாம் நினைப்பது ஆபுத்திரனை.

மதுரையில் அவன் பெற்ற பாத்திரம் அது. மழை பெய்து நாடு செழித்ததும் உண்ண வருவாரில்லை. பசித்தோரைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போயிற்று. தன் ஒரு வயிற்றுக்காக அதனை வைத்திருக்க மனமின்றிக் கோமுகிப் பொய்கையில் விட்டான், உண்ணாதிருந்து உயிர்நீத்தான்.

பின்னர் மணிமேகலை கைக்கு வந்த அப்பாத்திரத்தில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை. அதன்பின் காயசண்டிகையின் தீராப் பசி தீர்ந்தது, சிறைக்கோட்டமே அறக்கோட்டமாயிற்று.

சாத்தனார் பசியைப் பிணி என்றார். மருத்துவம் படித்த நாம் அப்பிணியோடு வரும் தாய்மாரை 2022 நெருக்கடியில் நிறையக் கண்டோம். மருந்துச் சீட்டில் சோறு எழுத முடியவில்லை.

நம் பாத்திரத்தில் முதற்பிச்சை இட்டவர்கள் இப்பாடசாலை ஆசிரியைகள். நாம் எந்நாட்டில் வாழ்ந்தாலும் ஆபுத்திரனைப்போல் ஆளில்லாத் தீவில் இல்லை. காலையுணவின்றி இங்கு வரும் பிள்ளை ஒருத்தி இருக்கும்வரை நம் பாத்திரத்துக்கு வேலை உண்டு.