நான் இருமுறை படித்த பரீட்சை

இந்தப் பேச்சைக் கேட்கும் மாணவ நண்பர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டால் எனக்கு உதவியாக இருக்கும். வகுப்பறையில் பேசுகிறவனுக்குக் கரும்பலகை உண்டு. வானொலியில் பேசுகிறவனுக்கு அந்த வசதி இல்லை. நான் இன்று சொல்ல வந்த விஷயத்திலோ சிறிது கணக்கும் கலந்திருக்கிறது. ஆகவே உங்கள் தாளே என் கரும்பலகை என்று வைத்துக்கொள்கிறேன்.

கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைத்து, அவை தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும்படி செய்வது இன்று ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. அத்தொழிலில் நுழைய விரும்புகிறவர்களுக்கென்று சில பரீட்சைகள் இருக்கின்றன. சிஸ்கோ நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் தொடங்கிய சி.சி.என்.ஏ. என்பது அவற்றுள் பெயர் பெற்றது. காம்ப்டியா என்னும் அமைப்பு நடத்தும் நெட்வொர்க் பிளஸ் மற்றொன்று. இவை பல்கலைக்கழகப் பட்டங்கள் அல்ல. பட்டம் ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுவதும் நம்முடையது, சி.சி.என்.ஏ. சான்றிதழோ மூன்றே ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டும். இவ்விதி கொடுமையானது என்று நான் ஒரு காலத்தில் நினைத்தேன். அந்த விதி இல்லாதிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்பதை இனிக் கேளுங்கள்.

2012-ஆம் ஆண்டில் நான் முதன்முறையாக இப்பரீட்சையை எழுதினேன். படித்தேன் என்று சொல்லமாட்டேன், எழுதினேன். நண்பர் ஒருவர் கசிந்த வினாக்களின் தொகுப்பு ஒன்றை எனக்குத் தந்தார். இத்துறையில் அதை ‘டம்ப்’ என்பார்கள். சில நூறு வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் அருகே ‘அ’ அல்லது ‘இ’ என்று விடை குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை உருப்போட்டேன். எந்த வினாவுக்கு எந்த எழுத்து என்பதுதான் என் கல்வியாக இருந்தது. தொகுப்பில் சில விடைகள் பிழையானவை என்பதைப் பின்னாளில் கண்டுகொண்டேன். அப்பிழைகளையும் நான் சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தேன்! வினாக்களை வெளியிடமாட்டேன் என்று ஒவ்வொரு தேர்வரும் தேர்வுக்கு முன் உறுதி கூறுகிறார். அதை மீறிப் பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும். நான் பிடிபடவில்லை, தேறிவிட்டேன். இதை வானொலியில் ஒப்புக்கொள்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சான்றிதழைக் காட்டி ஒரு மருத்துவமனையில் வேலை பெற்றேன். மறு ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலையில், வெளிநோயாளிகள் பதிவு செய்யும் கூடத்தில் மேசைகளை ஒழுங்குபடுத்தும் வேலை எனக்கு வந்தது. ஒரு மேசைக்கு அடியில் மலிவான சிறிய சுவிட்ச் ஒன்று இருந்தது. சுவிட்ச் என்றவுடன் விளக்குப் போடும் பொத்தான் என்று எண்ணிவிடாதீர்கள். பல கணிப்பொறிகளின் வயர்கள் வந்து கூடுகின்ற சிறு பெட்டி அது. அதிலிருந்து புறப்பட்ட ஒரு வயரின் மறுமுனை எதிலும் சேராமல் தரையில் கிடந்தது. காலில் இடறுமே என்று அம்முனையை எடுத்து, அதே பெட்டியில் காலியாக இருந்த துளையில் செருகிவிட்டுச் சென்றேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பதிவுக் கூடத்தில் திரைகள் உறைந்து நின்றன. மருந்தகத்தில் சீட்டு வரவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவுகள் பரிசோதனைச் சாலையை விட்டு நகரவில்லை. செவிலியர் ஒருவர் அவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக ஓடினார். கூடத்தில் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாய் என்னைப் பார்த்து, “ஐயா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. நான் தலைமைக் கணிப்பொறியை அணைத்து ஏற்றினேன். பெரிய சுவிட்சுகளை அணைத்து ஏற்றினேன். எல்லாப் பெட்டிகளிலும் எல்லா விளக்குகளும் ஒன்றாகச் சேர்ந்து துடித்துக்கொண்டிருந்தன. அந்தக் காட்சிக்கு ஒரு பொருள் உண்டு என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு மருத்துவமனையின் எலக்ட்ரீஷியன் வந்தார். முதியவர், கணிப்பொறி அறியாதவர். “தம்பி, நேற்று வரைக்கும் நன்றாகத்தானே ஓடியது? இன்றைக்குப் புதிதாக எதைத் தொட்டீர்கள்?” என்று கேட்டார். வயரைச் சொன்னேன். “அதைப் பிடுங்கிப் பாருங்களேன்” என்றார். பிடுங்கினேன். விளக்குகள் அமைதியடைந்தன, திரைகள் உயிர் பெற்றன.

மேலதிகாரியிடம் நான் “சுவிட்ச் பழுது” என்று சொன்னேன். பெரியவர் அருகிலேயே நின்றிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தேநீர் குடிக்கும்போது மட்டும், “ஏன் தம்பி, ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் இருந்தால் ஊர் முழுக்க நின்றுபோவானேன்?” என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் குரல். இந்த வினா என் தொகுப்பில் இருந்தது. அதன் விடை ‘இ’ என்பதும் எனக்கு நினைவிருந்தது. ‘இ’ என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு கணிப்பொறி சில வேளைகளில் ‘எல்லோரும் கேளுங்கள்’ என்று பொதுவாகக் கூவும். அக்கூவலை பிராட்காஸ்ட் என்பார்கள். வானொலிக்கும் அதே பெயர்தான் என்பதைக் கவனியுங்கள். சுவிட்ச், தனக்கு ஒரு துளை வழியே வந்த கூவலை மற்ற எல்லாத் துளைகள் வழியாகவும் வெளியே அனுப்பும். வயர் சுற்றி வந்து அதே பெட்டியில் சேர்ந்தால், வெளியே போன கூவல் உள்ளே திரும்பி வரும். வந்ததைப் புதியது என்று எண்ணிப் பெட்டி மறுபடியும் எல்லோருக்கும் அனுப்பும். இதற்கு முடிவே இல்லை. ரூட்டர்களின் வழியே செல்லும் ஐ.பி. பொட்டலத்திற்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. அது 255-க்கு மேல் இருக்க முடியாது. ஒவ்வொரு ரூட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும். பூஜ்யமானால் பொட்டலம் கைவிடப்படும். சுவிட்சுகளுக்கிடையே ஓடும் சட்டத்திற்கு அப்படி ஆயுள் எண் கிடையாது. சாகாவரம் பெற்ற கூவல்கள் பெருகிப் பெருகி, வேறு எந்தச் செய்திக்கும் இடமில்லாமல் செய்துவிடுகின்றன.

இந்த ஆபத்துக்கு மாற்று கண்டவர் ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார். டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1985-இல், ஸ்பானிங் ட்ரீ என்னும் முறையை அவர் வெளியிட்டார். சுவிட்சுகள் தமக்குள் பேசி ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்துகொண்டு, சுற்று உண்டாக்கும் வழிகளைத் தாமே அடைத்துவிடும். மிஞ்சுவது கிளை விட்ட மரம் போன்ற அமைப்பு. 1990-இல் அது பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. அம்முறையை விளக்க அவர் ஒரு சிறு கவிதையும் எழுதித் தம் கட்டுரையில் சேர்த்தார். இலக்கணத்தையும் வைத்தியத்தையும் செய்யுளில் எழுதி வைத்த நம் முன்னோருக்கு இது வியப்பாகத் தோன்றியிராது. நான் வயர் செருகிய மலிவுப் பெட்டியில் அந்தக் காவல் இல்லை. ஆனால் காவல் இல்லாதது பெட்டியில் மட்டுமா என்பதே என் கவலையாயிற்று.

2015-இல் சான்றிதழ் காலாவதியாயிற்று. இம்முறை படிப்பது என்று முடிவு செய்தேன். வெண்டல் ஓடம் எழுதிய வழிகாட்டி நூலை வாங்கினேன். ஒரு கல்லூரியில் நடந்த சிஸ்கோ அகாடமி வகுப்பில் மாலை நேரத்தில் சேர்ந்தேன். அங்கே பாக்கெட் டிரேஸர் என்னும் மென்பொருள் கிடைத்தது. ரூட்டர்களையும் சுவிட்சுகளையும் திரையிலேயே வைத்து, வயர் பூட்டி, கட்டளை எழுதி ஓடவிட்டுப் பார்க்கலாம். உண்மையான ரூட்டர் வாங்கப் பணமில்லாதவனுக்கு அதுவே பரிசோதனைச் சாலை.

மனப்பாடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாய்பாடு தெரியாதவன் கணக்குப் போட முடியுமா? 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்னும் எட்டு எண்களைச் சுவரில் எழுதி ஒட்டினேன். பென்சிலை எடுங்கள். 192.168.10.77 என்பது ஒரு கணிப்பொறியின் முகவரி. ஐ.பி. முகவரி 32 இரும எண்களால் ஆனது. அவற்றில் முதல் 26 எண்கள் தெருவின் பெயர், மிஞ்சிய ஆறும் வீட்டின் எண் என்று வைத்துக்கொள்வோம். இந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது?

முதல் மூன்று பகுதிகளில் 24 எண்கள் போய்விட்டன. கடைசிப் பகுதியில் முதல் இரண்டு மட்டும் தெருவுக்கு உரியவை. 77-ஐ நம் எட்டு எண்களால் பிரியுங்கள்: 64, 8, 4, 1. அதாவது 01001101. முதல் இரண்டு இலக்கம் 01; அதன் மதிப்பு 64. ஆகவே இந்த வீடு 64 என்னும் தெருவில் இருக்கிறது. அடுத்த தெரு 128-இல் தொடங்கும். 64 தெருவின் பெயர். 127 தெரு முழுவதையும் கூவி அழைப்பதற்கான எண். குடியிருக்கக் கூடிய வீடுகள் 65 முதல் 126 வரை, 62 வீடுகள். இவ்வளவுதான் சப்நெட் கணக்கு. கேட்கும்போது எளிது, தேர்வு மையத்தில் கடிகாரம் ஓடும்போது அல்ல.

அதை நான் 2015 ஜூன் மாதத்தில் அனுபவித்து உணர்ந்தேன். கைக்கடிகாரத்தைக்கூட வெளியே வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். 90 நிமிடத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட வினாக்கள். ஒரு வினாவை விட்டு அடுத்ததற்குப் போனால் திரும்பி வர இயலாது. பழுதுற்ற ரூட்டர் ஒன்று திரையில் வந்தது. கட்டளை எழுதிச் சரிசெய்ய வேண்டும். அதைக் கண்டதும் மகிழ்ந்து, கால் மணிக்கு மேல் அதிலேயே செலவிட்டேன். கடைசி எட்டு வினாக்களைத் தொடவே இல்லை. தோற்றேன். என் மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி கட்டணமாகப் போயிற்று. ஏமாற்றி எழுதியபோது தேறியவன் உழைத்து எழுதியபோது தோற்றேன் என்று என் மீதே எனக்கு இரக்கம் உண்டாயிற்று. பழைய தொகுப்பு இன்னும் பெட்டியில்தான் இருந்தது. அன்றிரவு அதை எடுத்தும் பார்த்தேன். இரண்டு பக்கம் புரட்டியதும் மருத்துவமனையின் வினா கண்ணில் பட்டது. மூடி வைத்துவிட்டேன்.

பிறகு படிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். விடியற்காலையில் இருபது சப்நெட் கணக்கு, கடிகாரத்தை எதிரில் வைத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் என் தங்கையைத் துணைக்கு அழைத்தேன். அவள் வரலாறு படிப்பவள். ரூட்டரைப் பற்றி ஒன்றும் அறியாள். நான் ஓடும் நிலையில் அமைத்த வலையமைப்பில், நான் இல்லாதபோது ஏதேனும் ஒன்றை அவள் கலைத்துவிட வேண்டும். வந்து நான் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவு உற்சாகமாக அவள் எனக்கு வேறு எந்த உதவியும் செய்ததில்லை. ஒரு நாள் ஒரு கணிப்பொறி தன் தெருவிலுள்ள மற்றவற்றோடு பேசியது, வெளியூரோடு பேசவில்லை. ரூட்டரின் வழிப்பட்டியலை நாற்பது நிமிடம் குடைந்தேன். அவள் செய்தது இவ்வளவே: அக்கணிப்பொறியில், வெளியே செல்லும் வாயிலின் எண்ணான 65-ஐ 66 என்று திருத்தியிருந்தாள். “அண்ணா, பக்கத்தில் இருப்பதை ஏன் பார்க்கவில்லை?” என்றாள். எலக்ட்ரீஷியன் பெரியவர் கேட்டதும் ஏறக்குறைய அதுதான்.

செப்டம்பரில் மீண்டும் எழுதித் தேறினேன். மதிப்பெண் பெரியது அல்ல. அடுத்த வாரம் மேலதிகாரியிடம் சென்று, இரண்டாண்டுக்கு முன் பழுதானது சுவிட்ச் அல்ல, நான்தான் என்று சொன்னேன். அவர் சற்றுப் பேசாமலிருந்து, “மேசைக்கடியில் அந்தப் பெட்டிகள் இன்னும் எத்தனை இருக்கின்றன?” என்று கேட்டார். பதினொன்று இருந்தன, எல்லாவற்றையும் மாற்றினோம். பெரியவருக்கு மின்கட்டணச் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து காட்டினேன். கூர்ந்து பார்த்துவிட்டு, “அப்படியானால் வயர்மேல் குற்றமில்லை, ஒருமுறை வந்ததென்று பெட்டிக்கு நினைவில்லை” என்றார். அவ்விளக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

2020 பிப்ரவரியில் இப்பரீட்சையின் பாடத்திட்டம் மாறியது. ரூட்டர்களின் வழிகாணும் முறைக்கு 25 விழுக்காடும், பாதுகாப்புக்கு 15 விழுக்காடும், நிரல் எழுதி வலையமைப்பை நடத்தும் புதிய பகுதிக்கு 10 விழுக்காடும் ஒதுக்கினார்கள். பகுதிகள் மாறினாலும் சப்நெட் கணக்கு மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

எனக்குத் தந்த நேரம் முடியப் போகிறது. தாளில் இன்னும் இடம் இருந்தால் இதை எழுதிக்கொள்ளுங்கள்: முகவரி 192.168.10.200. இம்முறை தெருவின் பெயருக்கு 26 அல்ல, 27 எண்கள். வீடு எந்தத் தெருவில்? முதல் வீடு எது, கடைசி வீடு எது? நான்கு விடைகள் தந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லப்போவதில்லை. போட்டு முடித்ததும் 200-க்குப் பதிலாக 77-ஐ வைத்து மறுபடியும் போட்டுப் பாருங்கள். தெருவின் பெயர் மாறுகிறதா, வீடுகளின் எண்ணிக்கை மாறுகிறதா என்று கவனியுங்கள்.