மொழியைப் புரக்கும் உரிமக் கட்டணம்

(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பிரித்தானியாவில் எந்த அலைவரிசையை நேரலையிற் கண்டாலும் அவ்வீட்டார் ஆண்டுதோறும் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் செலுத்துதல் வேண்டும். 2025 ஏப்பிரலில் அத்தொகை 174.50 பவுண்டாக உயர்ந்தது. செலுத்தாது காண்பது குற்றம். 1000 பவுண்டு வரை தண்டம் உண்டு. இணையம் வந்தபின், ஒளிபரப்பு முடிந்த நிகழ்ச்சிகளைப் பி.பி.சி.யின் ஐபிளேயர் வழியே பலர் உரிமமின்றிக் கண்டனர். 2016 செபுதம்பர் 1 முதல் அவ்வாயிலும் அடைக்கப்பட்டது. கைப்பேசியிற் கண்டாலும் உரிமம் வேண்டும்.

"பிறர் காண்பதற்கு நான் ஏன் பணங் கட்டவேண்டும்? காண்பவர் மட்டும் கட்டட்டும்" என்று இன்று பலர் வினவுகின்றனர். பி.பி.சி.யின் அரச ஆவணம் 2027 திசம்பர் 31-இல் முடிவுறுவதால் இவ்வினா வலுத்துள்ளது. கேட்பதற்கு அறம்போல் தோன்றும் இவ்வினாவின் அடியில் ஒரு சிறுமொழியின் வாழ்வு இருக்கின்றது.

வேல்சு நாட்டை எண்ணுமின்! 2021 குடிக்கணக்கின்படி அந்நாட்டில் வேல்சுமொழி பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேரே. தம் மொழிக்குத் தனி அலைவரிசை வேண்டி, உரிமக் கட்டணம் செலுத்த மறுத்துப் பலர் வழக்குமன்றம் ஏறினர். சிலர் சிறையும் புகுந்தனர். 1979 தேர்தலில் அதனைத் தருவதாக உரைத்த பழமைக் கட்சியார், ஆட்சியேறியதும் சொல் மாறினர். வேல்சுத் தலைவர் குவின்வோர் எவான்சு, 1980 அத்தோபர் முதல் சாகும்வரை உண்ணாநோன்பு இருப்பதாக அறிவித்தார். நோன்பு தொடங்குமுன்னரே, செபுதம்பர் 17-இல் அரசு பணிந்தது. 1982 நவம்பர் 1-இல் எசு4சி அலைவரிசை பிறந்தது. 2022 முதல் அதற்குரிய பொதுப்பணம் முழுதும் உரிமக் கட்டணத்தினின்றே வருகின்றது. அன்று மொழிக்காக மறுக்கப்பட்ட கட்டணமே இன்று மொழியைப் புரக்கின்றது!

தலையெண்ணி விலைபேசும் வாணிகன், ஐந்து இலக்கம் பேருக்காகச் செய்தியும் நாடகமும் குழந்தையர் நிகழ்ச்சியும் ஆக்குவானா? என் வயலுக்குப் பாயும் மடையை மட்டுமே காப்பேன் என்று ஒவ்வோர் உழவனும் உரைத்தால் ஏரிக்கரை நிற்குமா? ஏழைக்கும் செல்வர்க்கும் ஒரே தொகை என்பது முறையன்று என்பாரும் உளர். அது மெய்யே. தொகையின் அளவைத் திருத்துக, பொதுப்பொறுப்பை அழிக்கற்க!

நமக்கும் இதில் பாடமுண்டு. 1941-இல் தோன்றிய பி.பி.சி. தமிழோசை, அந்நிறுவனத்தின் உலகப் பணியைச் சார்ந்தது. 2014 ஏப்பிரல் முதல் உலகப் பணியின் செலவைப் பெரும்பாலும் உரிமக் கட்டணமே தாங்கிற்று. தமிழறியாதார் வீட்டுப் பணத்தில் தமிழ் ஒலித்தது. 2017 ஏப்பிரல் 30-ஓடு அவ்வானொலி ஒலிபரப்பு நின்றது. பணி இணையத்தில் தொடர்கின்றது. பிறர் தொடங்கியதைப் பிறரே நிறுத்தவும் கூடும்.

வேல்சு மக்கள் கேட்டது கொடையன்று. தாம் கட்டிய பணத்தில் தம் மொழிக்குரிய பங்கு. இந்திய அரசின் வானொலியும் தொலைக்காட்சியும் நம் வரிப்பணத்தாலும் இயங்குவன. அவற்றில் தமிழுக்குரிய நேரம் எவ்வளவு, பணம் எவ்வளவு என்று கணக்குக் கேட்போமாக! கேளாதவன் பங்கு எக்காலத்தும் வந்து சேராது.

வாழ்க தமிழ்!