வன்தட்டும் வேகமும்

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர் இல்லங்களில், ஊரிலிருந்து கொண்டுவந்த குத்துவிளக்குக்கு அடுத்தபடியாகப் பத்திரமாய் வைத்திருக்கும் பொருள் ஒன்று உண்டு. அது ஒரு பழைய மடிக்கணினி. குழந்தையின் முதற் புகைப்படமும், ஊர்த் திருவிழாக் காட்சிகளும், மறைந்துபோன பெரியவர்களின் குரலும் அதனுள் அடங்கியிருக்கும். பெங்களூரில் என் வீட்டிலும் அத்தகைய கணினி ஒன்று இருக்கிறது. லினக்ஸில் இயங்குவது, வயது பத்துக்கு மேல். என் தந்தையார் தம் இறுதி நாட்களில் எங்கள் ஊர் ஏரிப் பாசனத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல நான் பதிவு செய்த பேச்சு, இரண்டு மணி நேர அளவில் அதில் இருக்கிறது.

சென்ற ஆண்டு அந்தக் கணினி மிகவும் சுணங்கத் தொடங்கிற்று. பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி கலந்து குடித்து வந்தாலும் திரை தெளியாது. எஸ்.பி. ரோடில் ஒரு கடையில் காட்டினேன். "இதைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குங்கள், ஸார்" என்றார்கள். அவர்கள் சொன்னது முழுத் தவறும் அன்று; முழு உண்மையும் அன்று என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். வரலாறு படித்துவிட்டு மொழிபெயர்ப்பில் காலம் கழிக்கும் எனக்கு இவ்விஷயத்தைப் பொறுமையோடு விளக்கியவர், எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் இளைஞர். அவரிடம் கற்றதையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கணினி சுணங்குவதற்குப் பெரும்பாலும் அதன் மூளை காரணமன்று, வன்தட்டே காரணம். மடிக்கணினியின் வன்தட்டு, சாதாரணமாக நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் 11 பங்கு ஆகிறது. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனையைத் தாங்கும் கரம் உரிய தடத்துக்கு நகர ஏறத்தாழ ஆயிரத்தில் 12 பங்கு ஆகும். இரண்டையும் கூட்டினால், சிதறிக் கிடக்கும் துணுக்குகளை விநாடிக்கு 60-க்குக் குறைவாகவே எடுக்க முடியும். அதே தட்டில் செய்திகள் அடுத்தடுத்து வரிசையாக அமைந்திருந்தாலோ, விநாடிக்கு 100 மெகாபைட் அளவிலும் படிக்கலாம். ஆகவே, வேகத்தின் ரகசியம் தட்டை விரட்டுவதில் இல்லை. முனையின் அலைச்சலைக் குறைப்பதில் இருக்கிறது.

அடுக்குமாடிக் கட்டிடத்து லிப்டை நினைத்துப் பாருங்கள். அழைத்தவர் வரிசைப்படியே அது ஐந்தாம் மாடிக்கும் முதல் மாடிக்குமாக மாறி மாறி ஓடினால் எவருக்கும் பயனில்லை. மேலே போகும்போதே வழியிலுள்ளவர்களை ஏற்றிக்கொண்டு போவதுதான் முறை. லினக்ஸில் வன்தட்டுக்கு வரும் கோரிக்கைகளை ஒழுங்குபடுத்தும் பகுதிக்கு 'எலிவேட்டர்' என்றே பெயர் வழங்கி வந்தது. 2017-ஆம் ஆண்டு லினக்ஸில் சேர்ந்த 'பி.எப்.க்யூ.' என்னும் முறை, கோரிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கை அளந்து கொடுக்கிறது. பின்னணியில் பெரிய கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும்போதும் நாம் திறக்கும் கடிதம் காத்துக் கிடக்காமலிருக்க, சுழலும் தட்டுகளுக்கு இது ஏற்றது.

இந்த அலைச்சலைக் குறைக்கும் பணியில் நம் பெங்களூருக்கும் பங்குண்டு. இங்குள்ள ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய சுபர்ணா பட்டாச்சார்யா, ஒரு கோரிக்கை முடியும்வரை நிரல் கைகட்டி நில்லாமல் தன் வேலையைத் தொடர வழிசெய்யும் முறையை லினக்ஸில் வளர்த்தவர்களுள் ஒருவர். 2003-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில் அது பற்றிய கட்டுரை வெளியாயிற்று. அதே நிறுவனத்தைச் சேர்ந்த அனீஷ்குமார், 2008-இல் அதே கருத்தரங்கிற்குப் பிறருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை, 'எக்ஸ்ட்-4' என்னும் கோப்பு முறைமையில் ஒரே கோப்பின் துணுக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் அமைப்பது எப்படி என்பதை ஆராய்கிறது. அவ்வாண்டின் இறுதியில் அம்முறைமை பொதுப் பயனுக்கு ஏற்றதென அறிவிக்கப்பட்டது. இன்று நம்மில் பலருடைய கணினிகளில் ஓசையின்றி வேலை செய்வது அதுவே.

இனி நாம் செய்யத்தக்கவை. முதற்காரியம் நாடி பார்ப்பது. 'ஸ்மார்ட்' என்னும் குறிப்பேட்டை வன்தட்டு தானே எழுதி வைக்கிறது. பழுதான இடங்கள் எத்தனை மாற்றப்பட்டன, படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை எத்தனை என்று அதில் காணலாம். அந்த எண்கள் ஏறிக்கொண்டே போனால், வேகத்தைப் பற்றிய பேச்சை அத்துடன் நிறுத்தி, உள்ளிருப்பதை உடனே வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். நோயாளிக்கு ஓட்டப் பயிற்சி தருவார் உண்டோ?

தட்டு நலமாயிருந்தால், நினைவகம் போதுமா என்று பார்க்க வேண்டும். போதாதபோது கணினி வன்தட்டிலேயே ஒரு பகுதியை நினைவகம்போல் பயன்படுத்தும். அலைச்சல் அப்போதுதான் உச்சமடையும். இந்தப் பழக்கத்தின் அளவை லினக்ஸ் வழக்கமாக 60 என்று வைத்திருக்கிறது. அதை 10 ஆகக் குறைத்துப் பார்ப்பவர் உண்டு. ஆனால் நினைவகத்தைக் கூட்டுவதே உண்மையான மருந்து. மற்றொன்று, ஒரு கோப்பைப் படித்தாலே படித்த நேரத்தைத் தட்டில் எழுதும் வழக்கம். 2009 முதல் லினக்ஸ் இதைத் தானாகவே குறைத்துக்கொண்டதால், முற்றிலும் நிறுத்துவதால் இன்று பெரிய லாபம் இல்லை.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டி, நண்பர் ஒருவர் சொன்னபடி இரண்டு மாற்றங்களைப் பொருள் அறியாமல் செய்திருந்தேன். முதலாவது, எழுத வேண்டியவற்றைச் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதும் முறை. இதில் பத்து நிமிட வேலை வரை தட்டை எட்டாமல் நிற்கலாம். ஒரு நாள் பழைய பேட்டரி திடீரென்று கைவிட்டது. அப்போது முடித்த ஒரு பக்க மொழிபெயர்ப்பு காற்றோடு போயிற்று.

இரண்டாவது இதைவிடக் கொடியது. ஓய்வு நேரத்தில் முனையை ஒதுக்கி நிறுத்தும் வசதி வன்தட்டில் உண்டு. அதை மிகக் கடுமையாக வைத்திருந்தேன். அரை நிமிடத்துக்கு ஒரு முறை 'டக்' என்று கேட்கும், நான் பொருட்படுத்தவில்லை. கணக்குப் பாருங்கள்: மணிக்கு 120 முறை, நாளுக்கு எட்டு மணி நேரத்தில் 960 முறை. இத்தகைய தட்டுகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் குறிக்கும் வரம்பு 3 லட்சம் அல்லது 6 லட்சம். மூன்று லட்சமாயின் ஓராண்டுக்குள் தீர்ந்துவிடும்! 2007-இல் உபுண்டு பயன்படுத்துவோரிடையே இதுவே பெரும் விவாதமாயிற்று. 'எச்.டி.பார்ம்' என்னும் கருவியால் இந்த அளவை 254-க்கு உயர்த்தியதும் என் கணினியில் அந்த ஓசை நின்றது. ஒவ்வொரு கோப்பையும் திறக்க நேர்ந்த தயக்கமும் குறைந்தது. தட்டின் சூடும் பேட்டரிச் செலவும் சிறிது கூடின. வேகம், சிக்கனம், பத்திரம் ஆகிய மூன்றில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது.

மாடி வீட்டு இளைஞர் கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இவ்வளவும் செய்யலாம், ஸார். ஆனால் சுழலாத எஸ்.எஸ்.டி. ஒன்றை அதே இடத்தில் பொருத்தினால் இந்த அலைச்சலே இராது." அப்படியே செய்தோம். கணினியைத் தூக்கி எறியவில்லை; ஓர் உறுப்பை மட்டுமே மாற்றினோம். இப்போது காப்பி கலக்க நேரமில்லை.

ஆனால் தட்டைக் கழற்றுமுன் செய்த ஒரு காரியமே எல்லாவற்றினும் பெரிது. என் தந்தையாரின் பேச்சை இரண்டு பிரதிகள் எடுத்தேன். ஒன்றை என்னிடம் வைத்துக்கொண்டு, மற்றொன்றை ஊரிலுள்ள தங்கைக்கு அனுப்பினேன். வேகம் குறைந்தால் காத்திருக்கலாம். குரல் போய்விட்டால் எந்தக் கடையில் வாங்குவது? நேயர்களே, உங்கள் இல்லத்துப் பழைய கணினியை இவ்வாரம் ஒரு முறை திறந்து, முதலில் பிரதி எடுங்கள். பிறகு நாடி பாருங்கள். அதன் பின்னரே வேகத்தைத் தேடுங்கள்.