கடற்பாலத்தைக் கடக்கும் முன் ஒரு கணக்கு



"ஓய்வுபெற்றதும் ஜோகூர் பக்கம் போய்விடலாம். மாதாமாதம் மசேநி பணம் வருகிறது. வீட்டை வாடகைக்கு விட்டால் இன்னும் கொஞ்சம் வரும். வேறென்ன வேண்டும்?" இந்தப் பேச்சைக் காப்பிக் கடையில் நம்மில் பலரும் கேட்டிருப்போம். ஆசையில் தவறில்லை. வேலைக்குப் போகாமலே வருமானம் வந்தால் விசாவும் தானாகக் கிடைத்துவிடும் என்று நம்புவதில்தான் சிக்கல்.

'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டம் 2002ல் வந்தது. மலேசியாவுக்கு வெளியிலிருந்து மாதம் 10,000 ரிங்கிட் வருமானம் என்பது அதன் முக்கிய நிபந்தனையாக இருந்தது. 2020ல் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 2021 அக்டோபரில் மறுபடி தொடங்கியபோது அந்தத் தொகை 40,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2024ல் விதிகள் மீண்டும் மாறின. வருமான நிபந்தனையே எடுக்கப்பட்டது.

நல்ல செய்திதானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். மாத வருமானத்துக்குப் பதில் இப்போது கேட்கப்படுவது மொத்தப் பணம். வெள்ளிப் பிரிவில் 150,000 அமெரிக்க டாலர் நிரந்தர வைப்புத்தொகை வைக்க வேண்டும். அதோடு குறைந்தது 600,000 ரிங்கிட்டுக்கு வீடு வாங்க வேண்டும். அனுமதி ஐந்து ஆண்டுகளுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். ஃபாரஸ்ட் சிட்டி சிறப்பு வட்டாரத்தில் 50 வயதைக் கடந்தவர்களுக்கு வைப்புத்தொகை 32,000 அமெரிக்க டாலர்தான். ஆனால் வீட்டையும் அங்கேயே வாங்க வேண்டும்.

தாய்லாந்தின் வழி வேறு. 50 வயது நிரம்பியவர் 800,000 பாட் வங்கியில் வைத்திருக்கலாம், அல்லது மாதம் 65,000 பாட் வருமானத்தைக் காட்டலாம். ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.

இப்போது நம் நிலைமைக்கு வருவோம். மசேநி லைஃப் உயிருள்ளவரை மாதாமாதம் பணம் தரும். அதன் பலமே அதுதான். ஆனால் அதை மொத்தமாக எடுத்து வைப்புத்தொகை கட்ட முடியாது. அப்படியானால் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? பெரும்பாலோரிடம் இருப்பது ஒன்றே ஒன்று, வீவக வீடு. நான் உங்களிடம் கேட்டுக்கொள்வதும் ஒன்றே ஒன்றுதான். விசாவுக்காக அந்த வீட்டை விற்காதீர்கள்.

விதி மாறலாம்; மாறியதைப் பார்த்துவிட்டோம். உடல்நிலை மாறலாம். மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. விண்ணப்பதாரர் கணவராக இருந்து அவர் காலமாகிவிட்டால், அவரைச் சார்ந்து அனுமதி பெற்ற மனைவியின் நிலை என்ன? திரும்பி வரவேண்டிய நாளில் அந்த அம்மாவுக்கு இங்கே ஒரு கதவு திறந்திருக்க வேண்டாமா? புதிதாக வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்றால், வெளிநாட்டில் வாங்கிய சொத்தும் அங்கே கணக்கில் எடுக்கப்படும்.

வீட்டை விற்காமல் வாடகைக்கு விடலாமே என்று கேட்கலாம். விடலாம். முழு வீட்டையும் வாடகைக்கு விட, உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். வீவக அனுமதியும் தேவை. வரிக் கணக்கில் நீங்கள் வெளிநாட்டு வசிப்பாளர் ஆகிவிட்டால், செலவு போக மிஞ்சும் வாடகைக்கு 24 விழுக்காடு வரி. ஆகவே கைக்கு வருவதை மட்டும் வருமானமாக எழுதுங்கள்.

அதற்குப் பிறகும் கணக்கு ஒத்து வருகிறதா? முதலில் அங்கே சில மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். மருத்துவமனை எவ்வளவு தூரம், பேச்சுத்துணைக்கு யார், பிள்ளைகள் எத்தனை முறை வந்து போவார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். முகவரிடம் பணம் கட்டுமுன் அவர் உரிமம் பெற்றவரா என்று விசாரியுங்கள். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் இல்லாத நாளுக்கும் ஒரு கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கும் சரியாக வந்தால், தாராளமாகப் புறப்படுங்கள்.